வினைச்சொல்லுக்காகக் காத்திருந்தவர்

பஸ்ஸில் பழனியாண்டி கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்து, பக்கத்து இருக்கை அம்மாள் பயபக்தியோடு நகர்ந்து இடம் விட்டாள். காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டார், மந்திரம் சொல்கிறார் என்று அவளுக்கு நினைப்பு. தீவின் மேட்டு ஊரான வக்குவாவிலிருந்து துறைமுகமான போர்ட் லூயி போய்ச் சேரும்வரை மந்திரம் நிற்கவில்லை.

அவர் சொல்லிக்கொண்டிருந்தது டச்சு இலக்கணம்.

பழனியாண்டி ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. தலைமைக் குமாஸ்தா ஆல்பெர் ஓய்வு பெறப்போகிறார், ஹாலந்திலிருந்து வரும் புது மேனேஜர்தான் அந்த நாற்காலி யாருக்கு என்று முடிவு செய்வார் என்று பேச்சு. நாற்காலியோடு போ பசான் என்ற ஊரில் கம்பெனி வீடும் உண்டு. பழனியாண்டியோ மனைவி பாக்கியத்தோடும் மகளோடும் அண்ணன் வீட்டில் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

ஒருவனிடம் அவன் பாஷையிலேயே பேசினால் மயங்காமல் போவானா என்பது அவர் கணக்கு. தீவில் எல்லோருக்கும் இருக்கிற நினைப்புதான். சீனர் கடையில் இரண்டு சீன வார்த்தை சொன்னால் ஒரு வாழைப்பழம் இனாமாகக் கிடைக்கிற ஊர் அது.

இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதிய டச்சு இலக்கணம் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'டெ', எதற்கு முன்னால் 'ஹெட்' என்று கேட்டால், மனப்பாடம் செய்துகொள் என்று புத்தகமே கையை விரித்துவிட்டது. பெண்ணுக்கு 'டெ', சின்னப் பெண்ணுக்கு மட்டும் அஃறிணைக்குரிய 'ஹெட்' என்றதும் பாக்கியத்துக்குக் கோபம் வந்தது. சின்னப் பெண் அவர்களுக்கு என்ன பாவம் செய்தாள் என்று கேட்டாள். தொண்டையைக் காறுவது மாதிரி ஓர் எழுத்து வேறு இருந்தது. அதை அவர் பழகிய வாரம் முழுக்க அண்ணி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

வினைச்சொல் வாக்கியத்தின் கோடியில் போய் உட்காரும், அதுதான் இங்கிலீஷ்காரனைப் பாடாய்ப் படுத்தும் என்று புத்தகம் எச்சரித்தது. தீவின் பேச்சுமொழியான கிரியோலும் பிரெஞ்சும் பேசியே வளர்ந்த பழனியாண்டியையும் அது படுத்தியது. கோயிலில் பாடுகிற தமிழ்ப் பாட்டும் அப்படித்தானே முடிகிறது என்று பாக்கியம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. டச்சுக் கப்பல் வரும்போதெல்லாம் மாலுமிகளிடம் பேசிப் பேசி நாக்கைத் திருத்திக்கொண்டார்.

அண்ணி காதுக்குப் போகக்கூடாத விஷயங்களை, மகள் உளறிவிடாதபடி, தெரிந்த கொஞ்சத் தமிழில் பேசிக்கொள்வது புருஷன் பெண்டாட்டியின் வழக்கம். வீடு கிடைக்குமா என்று பாக்கியம் அப்படித்தான் கேட்பாள். முருகன் கொடுப்பான் என்பார் இவர். மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

போட்டிக்கு இருந்தவன் சக குமாஸ்தா லுசியான் ஒருவன்தான். அவன் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை.

"எனக்கு பிரெஞ்சு போதும், பழனி. டச்சுக்காரன் அந்தக் காலத்துல வந்து, டோடோப் பறவையைத் தின்னுட்டு ஓடிப்போனவன். இவன் மட்டும் நிக்கவா போறான்?"

மேனேஜர் மிஸ்யே ஹென்ட்ரிக்ஸ் மனைவியோடு வந்து, அலுவலக மாடியிலேயே குடியேறினார். முதலில் லுசியானைக் கூப்பிட்டார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான், போன சுருக்கில் வெளியே வந்துவிட்டான்.

அடுத்துப் பழனியாண்டி. ஆல்பெர் விட்டுப் போன தலைமைக் குமாஸ்தா நாற்காலி மேனேஜருக்கு நேர் எதிரில் கிடந்தது. அதிலேயே உட்காரச் சொன்னார். பழனியாண்டி டச்சில் வணக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள், மதாம் ஹென்ட்ரிக்ஸ் மாடிப்படி இறங்கி வந்து கணவரிடம் டச்சில் கொட்டத் தொடங்கினார்.

பழனியாண்டி காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் காத்திருந்தார். அத்தனையும் புரிந்தது. போர்ட் லூயி வெக்கையில் இனி ஒரு நாளும் இருக்க முடியாது, வக்குவாவில் வீடு பார் என்கிறார் மதாம். துறைமுகத்தை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாது என்கிறார் மேனேஜர். இருவரும் மூச்சு வாங்கிய இடைவெளியில் பழனியாண்டி எழுந்து நின்றார்.

"மதாம் சொல்றது சரிதான், வக்குவா குளுகுளுன்னு இருக்கும். ஆனா அங்கே துவைச்ச துணி காயாதுங்கறதையும் சொல்லிடணும்" என்றார், டச்சில்.

'ஹெட்' தப்பவில்லை. வினைச்சொல் பிசகாமல் கோடியில் போய் உட்கார்ந்தது. தொண்டை எழுத்துகூட மாலுமி சொல்வது போலவே வந்தது.

மதாம் முகம் சிவக்க மாடியேறிப் போனார். மேனேஜர் பழனியாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தீவில் இப்படி ஒரு டச்சைக் கேட்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். அன்று மாலை, போ பசான் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டுப் பாக்கியம் துளைத்தெடுத்தாள்.

மறுநாள் காலையில் லுசியான் தன் மேஜைச் சாமான்களை அள்ளிக்கொண்டு மேனேஜர் அறைக்குள், அந்த நாற்காலிக்குக் குடிபோனான். பழனியாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. பாக்கியத்திடம் என்ன சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது. மதியம்வரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. தாழ்வாரத்தில் மேனேஜரை மறித்து, தன் டச்சில் என்ன குறை என்று டச்சிலேயே கேட்டார்.

ஒரு குறையும் இல்லை, நேற்றுப் படுக்கப் போகும்வரை வீட்டில் அதே பேச்சுதான் என்றார் மேனேஜர். பிறகு மாடியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க என் எதிர்ல உட்கார்ந்தா, நானும் அவளும் எந்த பாஷையில சண்டை போடுறது?"