தங்கை கல்யாணம், சுவர் டிவியில்

ப்ளோவ்திவ் நகர மருத்துவமனையின் பிரசவ வார்டுச் சுவரில் மதிய வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஏழு மாத வயிற்றோடு, எழுந்திருக்கவே கூடாதென்று படுக்கவைக்கப்பட்டிருக்கும் நெவெனா டிவியையே பார்க்கிறாள். அதில் நேரலையாக ஓட வேண்டிய அவள் தங்கை யானாவின் கல்யாணம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறைந்துபோகிறது. இப்போதும், சடங்குக்காக வாசலில் வைத்த தண்ணீர் நிறைந்த செம்புக் குடத்தை உதைக்கத் தூக்கிய மணப்பெண்ணின் கால் அந்தரத்தில் நிற்கிறது. வார்டு வாசலுக்கு வெளியே ஏணிமேல் நின்று நெட்வொர்க் பெட்டியைக் குடைந்துகொண்டிருக்கிறார் மருத்துவமனை டெக்னீஷியன் ராங்கெல்.

"அண்ணே, உதைச்சாளா இல்லையான்னாவது சொல்லுங்க!"

"பொறும்மா. எந்த ரூம்ல பாக்கறாங்களோ அங்க மட்டும்தான் இது படத்தை அனுப்பும். 'இன்னும் பாக்கறீங்களா'ன்னு அப்பப்போ கேக்கணும், உன் டிவி 'ஆமா'ங்கணும். கேக்கற வேலையை இங்க எந்தப் பெட்டிக்குமே குடுக்கல. பதிலே வரலன்னு உன் டிவியைக் கழட்டி விட்டுடுது. இப்ப கேக்க வச்சுட்டேன்."

படம் திரும்புகிறது. குடம் கவிழ்ந்து, தண்ணீர் வாசலெங்கும் பரவியிருக்கிறது.

"நல்லாவே உதைச்சிருக்கா!"

பக்கத்துப் படுக்கைக்காரிகள் கைதட்டுகிறார்கள். வழக்கமாக நிற்கும் நேரம் தாண்டியும் படம் ஓடுகிறது. மாமியார் தேனில் தோய்த்த ரொட்டியை யானாவுக்கு ஊட்டுகிறாள். நெவெனா போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

"வரேம்மா" என்கிறார் ராங்கெல், ஏணியை மடக்கியபடி.

"எங்க போறீங்க? இங்க நாங்க எல்லாரும் பொண்ணு வீடு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா? உக்காருங்கண்ணே."

அவர் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நாற்காலி நுனியில் உட்காருகிறார்.