விழுகிற சத்தம்

கொலுசு குலுங்கியது. சன்னல் கம்பி லேசாக அதிர்ந்தது. குழந்தை எழுந்து நின்றுவிட்டாள்.

சாம்ராஜ் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தான்.

அடுத்து ‘தொப்’பென்று ஒரு சத்தம் வரவேண்டும்.

வரவில்லை.

கம்பியை விட்ட விரல்கள். பாயில் மெதுவாக உரசும் பாதம். யாரோ அக்குளில் கைகொடுத்துப் பதமாக இறக்கிவிடுவதுபோல, குழந்தை உட்காரும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு படுத்தாள். பிறகு சீரான மூச்சு.

ஷாலின்தான். குழந்தையை ஒரு கொசு கடித்தாலே பொறுக்காதவள். விழ விடுவாளா?

வெள்ளிக்கிழமை மதியம். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. வடக்குப்பட்டில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் அவர்களுடையது நான்காவது. வீடு என்றால் ஓர் அறைதான். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவன் பகலில் தூங்கட்டும் என்று, நடுவே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியவள் ஷாலின். இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம் சன்னலும் லிசாவும்.

லிசாவுக்கு ஒன்பது மாதம். நிற்கக் கற்றுக்கொண்டு பன்னிரண்டு நாள் ஆகிறது. நின்றபின் எப்படி உட்காருவது என்பதுதான் தெரியாது. அரைத் தூக்கத்தில் எழுந்து எதையாவது பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். இறங்கத் தெரியாமல் அழுவாள்.

அழுகையெல்லாம் எதிர்வீட்டில். அவன் வேலைக்குப் போகும் இரவுகளில் குழந்தை லூர்தம்மாளிடம் இருக்கும். இன்று காலை பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது லூர்தம்மாளின் கண்கள் சிவந்திருந்தன.

“இன்னாப்பா உன் பொண்ணு, வாட்ச்மேன் வேல பாக்குதா? விடிய விடிய கட்டிலப் புடிச்சிகினு நிக்குது. உன் வூட்ல மட்டும் எப்படித் தூங்குது? என் ஒடம்பு தாங்கல சாமி. ஞாயித்துக்கெழம உன் மாமியா வருதில்ல? நாகர்கோயிலுக்கே இட்டுகினு போவட்டும்.”

நாகர்கோவில் என்றால் ஈஸ்டருக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை. லிசா முதன்முதலில் அப்பா என்று சொல்லும்போது அவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

குழந்தை எதிர்வீட்டில் தூங்கிவிட்டால் போதும். யாரும் எங்கும் கூட்டிப்போக வேண்டியதில்லை.

புதன்கிழமை அங்கன்வாடியில் ஊசி போட்டுவிட்டு நர்ஸ் மதிவதனி சொல்லியிருந்தாள்.

“விழட்டும், விடுங்க. கீழ போர்வைய மடிச்சிப் போட்டா போதும். பகல்ல நீங்களே புடிச்சிப் புடிச்சி உக்கார வெச்சா, ராத்திரில தனியா எப்படி உக்காரும்? இன்னொண்ணு, அது தூங்கினதும் நைசா நழுவிப் போவாதீங்க. டாட்டா காட்டிட்டுப் போங்க. போனவங்க எங்கியோ இருக்காங்கன்னு இந்த வயசுலதான் அதுங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும்.”

சொல்லிவிட்டு மதிவதனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். குனிந்து அட்டையில் தேதி எழுதினாள்.

நான் பிடிக்கவில்லை என்று சொல்ல சாம்ராஜ் வாயெடுத்தான். பிறகு அட்டையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

அன்றிலிருந்து சன்னலடியில் மடித்த போர்வை கிடக்கிறது. அதற்கு இதுவரை வேலை வரவில்லை. மூன்று நாளாக லிசாவின் முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி டாட்டா காட்டினான். அவள் அவன் விரலைப் பிடித்துக் கடிக்கத்தான் பார்த்தாள்.

கொலுசு மறுபடி குலுங்கியது. கம்பி அதிர்ந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் குழந்தை சிரித்தாள். தனியாக இருக்கும் குழந்தை அப்படிச் சிரிக்காது.

சேலையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினால் தெரிந்துவிடும். இத்தனை நாளும் அவன் விலக்கியதில்லை. பார்த்தால் இருக்கமாட்டாளோ என்று பயம். இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் இரண்டே இரவுகள்தான் மிச்சம்.

“விட்ரு ஷாலின்,” என்றான் மெதுவாக. “வுழட்டும். அது கத்துக்கணும்ல? இல்லன்னா உங்கம்மா தூக்கினு போயிடுவாங்க.”

சிரிப்பு நின்றது.

சாலையில் லாரிகளும் நின்றுவிட்டாற்போல ஓர் அமைதி. குழந்தையின் மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது.

தொப்.

சாம்ராஜ் எழுந்து உட்கார்ந்தான். அழுகைக்குக் காத்திருந்தான். அழுகை வரவில்லை. திரையை விலக்கினான்.

போர்வையின்மேல் காலைப் பரப்பி லிசா உட்கார்ந்திருந்தாள். விழுந்த ஆச்சரியம் முகத்திலிருந்து இன்னும் போகவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கை மேலே எழுந்தது. உள்ளங்கை மூடித் திறந்தது. மூடித் திறந்தது.

டாட்டா.

மூன்று மாதத்துக்கு முன், பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய எட்டாம் நாள் விடியற்காலை ஐந்தேகாலுக்கு, தூங்குகிற குழந்தையை லூர்தம்மாள் பக்கத்தில் கிடத்திவிட்டு ஷாலின் கிளம்பினாள். சத்தம் கேட்டு விழித்துவிடக்கூடாது என்று தன் கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் படியிறங்கினாளாம். லாரி மோதியதில் அவள் ஏறிய கம்பெனி பஸ் வல்லக்கோட்டைத் திருப்பத்தைத் தாண்டவில்லை.

எதிர்ப்பக்கமாக வந்த நைட் ஷிஃப்ட் பஸ்ஸில் சாம்ராஜ் சன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனிடமும் அவள் சொல்லிக்கொண்டு போகவில்லை.

குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைப் பார்த்து, அவனும் கையைத் தூக்கினான்.