தேன்கூட்டுக்குப் போன தும்பன்

"தேன்கூட்டுப் பக்கம் போகாதே" என்று அம்மாக் கரடி சொல்லியிருந்தாள். ஆனாலும் குட்டிக் கரடி தும்பன் போனான். தேனீக்கள் விரட்டி விரட்டிக் கொட்டின. வீங்கிய முகத்தோடு, அம்மாவுக்குப் பயந்து ஒரு புதருக்குள் ஒளிந்துகொண்டான்.

"தும்பா! எங்கடா இருக்கே?" என்று அம்மாவின் குரல் நெருங்கியது.

தும்பன் குரலை மாற்றிக்கொண்டு, "இங்கே தும்பன் இல்லை. நான் முள்ளம்பன்றி" என்றான்.

"அப்படியா? என் பிள்ளையைப் பார்த்தா, அம்மா அடிக்க வரலை, தூக்கிட்டுப் போக வந்திருக்கான்னு சொல்லு."

தும்பன் மெல்ல எட்டிப் பார்த்தான். அம்மாவின் மூக்கு பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"உன்னையும் கொட்டிடுச்சா? நீ ஏம்மா அங்கே போனே?"

"நீ அங்கேதானே போயிருந்தே!" என்று அம்மா அவனை முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

தும்பன் எட்டி அவள் மூக்கில் முத்தமிட்டான்.

"ஐயோ, வலிக்குதுடா!" என்று அம்மா சிரித்தாள். "இன்னொண்ணு கொடு."