கீர்த்திகாவின் பாசி

சிவநாதனின் தலையணைக்கடியில் அல்வா டப்பா இருந்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல், மகள் கீர்த்திகா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"முழங்காலுக்குக் கீழ நாளைக்கு எடுத்துடப் போறாங்க. இப்பவும் இனிப்பு கேக்குதாப்பா உங்களுக்கு?"

சிவநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நெரவி கிராமத்தில் வயலே கதியென்று இருந்த மனிதர். புது உரம் எது வந்தாலும் ஒரு பாத்தியில் அதை மட்டும் போட்டுப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்பமாட்டார். அப்படிப்பட்டவர் வாயைக் கட்டத் தெரியாமல் காலைத் தொலைக்கப்போகிறாரே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

கீர்த்திகா புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவி. கடல்பாசியில் இருக்கும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் சத்து எலிகளுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கிறதா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கல்யாண வயதில் பாசி பொறுக்குகிறாள் என்று சொந்தக்காரர்கள் வாய்கொள்ளாமல் சிரித்தார்கள். அப்பா மட்டும் டீக்கடை டீக்கடையாக அவள் பெருமை பேசித் திரிந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான், பொங்கலுக்கு வந்தபோது கடையில் விற்கும் பாசிப் பொடியை வாங்கி வந்து கொடுத்திருந்தாள்.

"அவரைத் திட்டாதடி," என்றாள் அம்மா திரிபுரசுந்தரி. "கல்யாண வீட்டுல எலையில விட்ட பாயசத்தைக்கூட மனுஷன் தொடல."

கீர்த்திகா டப்பாவைத் திறந்தாள். அல்வா இல்லை. கரும்பச்சைப் பொடி, மணலும் உப்பு வாடையுமாக.

"நீ குடுத்தது தீந்துபோச்சும்மா," என்றார் சிவநாதன் மெதுவாக. "பட்டினச்சேரி கடக்கரையில பாசி ஒதுங்கிக் கெடந்துச்சு. பொறுக்கியாந்து காயவெச்சு இடிச்சுக்கிட்டேன்."

காலில் கிளிஞ்சல் கிழித்த புண் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; வயல்காட்டு மனிதருக்கு அது எப்படி வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் புண்தான் ஆறாமல் அழுகி இந்தக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

"எல்லாப் பாசியும் ஒண்ணு இல்லப்பா. நாங்களே இன்னும் எலியைத் தாண்டல." சட்டென்று நிறுத்தினாள். "இருங்க. இன்சுலின் போட்டிருந்தா சர்க்கரை இவ்வளவு ஏறியிருக்காதே. போட்டுக்கிட்டீங்கல்ல?"

அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"தினமும் ரூமுக்குள்ள போயி போட்டுக்கிறேன்னுதானே சொன்னாரு?" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீர்த்திகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா நிறுத்துனீங்க? ஊசியோட சேத்துத்தானே சாப்பிடச் சொன்னேன்? காலே போகுதேப்பா!"

சிவநாதன் மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ஊசியையும் போட்டுக்கிட்டா, கொறஞ்சது உன் பாசியாலதான்னு ஊருக்கு எப்படிம்மா சொல்லுவேன்?"