என்ன காதலே, சௌக்கியமா?

“ஏண்டி பிலிப்பா, உன் புருஷன் இப்போ மீன் வாங்கிட்டுப் போன பொம்பளைய என்னன்னு கூப்பிட்டான்?”

“காதலேன்னு.”

“அதைச் சிரிச்சுட்டே சொல்றியே, வெக்கமா இல்லை?”

மகளின் மீன் கடையைப் பார்க்க லண்டனிலிருந்து முதல்முறை வந்திருந்த ஹிலரிக்கு மூச்சு வாங்கியது.

“அம்மா, இது கார்ன்வால். இங்க எல்லாருமே எல்லாருக்கும் ‘காதலே’தான். கொஞ்சம் பேசாம பாரு.”

தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன காதலே, சௌக்கியமா?” என்றான் பிலிப்பாவின் கணவன் டென்சில்.

“முதுகு வலிதான் காதலே,” என்றார் தபால்காரர், நரைத்த மீசையைத் தடவியபடி.

ஹிலரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்து வந்த பாதிரியாரும் காதலே. போலீஸ்காரரும் காதலே.

“நான்தான் தப்பா நினைச்சுட்டேன். என் மாப்பிள்ளை தங்கம்!”

அப்போது பக்கத்து ரொட்டிக் கடைப் பெண் உள்ளே வந்தாள். டென்சில் நிமிர்ந்து நின்றான்.

“வணக்கம், மிஸ் பாஸ்கோ. கானாங்கெளுத்தி எடுத்து வைக்கட்டுங்களா?”

“நன்றி, மிஸ்டர் ரௌ,” என்று தலை குனிந்தபடி மீனை வாங்கிக்கொண்டு போனாள் அவள்.

“பரவாயில்லையே! ஒருத்தியையாவது மரியாதையாக் கூப்பிடத் தெரியுதே,” என்றாள் ஹிலரி.

பிலிப்பா சிரிக்கவில்லை.

“அம்மா, நான் இங்க ஓட்டல் வேலையில இருந்தப்போ யாருக்கும் தெரியாம நாங்க காதலிச்சோம். அப்போ இந்த ஊர்லயே என்னை ஒருத்தியைத்தான் இவர் ‘மிஸ் வார்ட்’னு மரியாதையாக் கூப்பிடுவார்.”