மாரமங்கலத்தில் ஒன்றும் இல்லை

"இங்க மலையணில் இருக்குதுங்களா அக்கா?"

ஜீப்பிலிருந்து இறங்கிய இளைஞன் கேட்டதுமே அத்தாயிக்குப் புரிந்துவிட்டது. ரிசார்ட்டுக்காரன்.

"அணிலா? எலிதான் கண்ணு இருக்குது. ஊட்டுக்குள்ளயே ஓடும்."

பக்கத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் ஐயாக்கண்ணு வாயைத் திறந்தார். அத்தாயி அவர் காலை மிதித்தாள்.

மாரமங்கலத்தில் அது ஊர்க்கட்டுப்பாடு. வெளியாள் முன்னால் ஊரைப் புகழக் கூடாது. புகழ்ந்தவர் ஊருக்கே கறிச்சோறு போட வேண்டும். ஐயாக்கண்ணு ஏற்கெனவே ஒருமுறை போட்டிருக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. எதிர்ச்சரிவில் ஒருவர், காரில் வந்த விருந்தாளியிடம், விடிகாலையில் மேகம் வந்து கதவைத் தட்டும் என்று சொல்லித் தொலைத்தார். இப்போது அங்கே மேகம் பார்க்க வரிசையாகக் காட்டேஜ்கள். அவற்றின் கக்கூஸ் தண்ணீர் நேராக ஓடைக்கு.

மிச்சமிருப்பது அத்தாயியின் காப்பித் தோட்டத்துக்கு மேலே உள்ள சோலைக்காடு ஒன்றுதான். ஊரே குடிக்கிற ஊற்று அதற்குள் இருக்கிறது.

இளைஞன் தன் பெயர் எல்வின் என்றான். வெளுத்த சட்டை, சேறு அப்பிய பூட்ஸ். ரிசார்ட்டுக்காரர்கள் இப்போதெல்லாம் ஏழை வேஷத்தில்தான் வருகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"மேல பெரிய மரமெல்லாம் நிக்குதுங்களே?"

"அத்தனையும் பட்ட மரம் சாமி. தூரத்துல பாத்தாத்தான் பச்சை."

"காட்டெருமை?"

"படத்துல பாத்திருக்கறோம்."

காலையில் அவரைக்காய்ப் பந்தலை மேய்ந்துவிட்டுப் போன காட்டெருமையின் சாணத்தைச் சேலையால் மறைத்து நின்றபடி அவள் இதைச் சொன்னாள்.

"ஊத்துத் தண்ணி?"

"அத ஏன் கண்ணு கேக்கற! மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிரும்."

"ஒருதடவை ஏறிப் பாத்துட்டு வரட்டுங்களா?"

"பாதை போன மழையோட போச்சு."

ஒவ்வொரு பதிலுக்கும் அவன் முகம் வாடியது. அத்தாயிக்கு வயிறு குளிர்ந்தது. கேட்காமலே அட்டைப்பூச்சி, மண்சரிவு, தலையில்லாத பேய் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தாள்.

எல்வின் ஓரமாகப் போய் போன் பேசினான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் மலையில் எல்லாமே காதில் விழும்.

"ஊர்க்காரங்ககிட்டயே கேட்டுட்டேன் சார். காப்பாத்தறதுக்கு இங்க ஒண்ணும் மிச்சமில்ல. பாதுகாப்புப் பகுதியா அறிவிக்கக் காரணமே காட்ட முடியாது. அந்த ரிசார்ட் கம்பெனி கேட்டா, இடம் தர முடியாதுன்னு இனி நாம எப்படிச் சொல்றது?"

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஐயாக்கண்ணு பதறி எழுந்தார். "ஏ புள்ள, இவரு காட்டக் காப்பாத்த வந்தவரு!"

"சும்மா இருங்க. நம்ம வாயப் புடுங்கறான். அழுகையெல்லாம் வருது பாருங்க, நொம்பக் கெட்டிக்காரன்."

ஜீப் திரும்பியது. பின்கதவில் அரசு முத்திரை தெரிந்தது. சேலத்தில் காசு கொடுத்தால் எந்த முத்திரையையும் ஒட்டித் தருவார்கள். அவளுக்குத் தெரியாதா?

"நில்லுங்..." என்று ஐயாக்கண்ணு கத்தப் போனார்.

அத்தாயி அவர் வாயைப் பொத்தினாள். ஜீப் கடைசி வளைவைத் தாண்டி, சத்தமும் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.