தூங்கும் பதினேழு

நடுப்பகலில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் பைத்தான் மென்பொருள் மூச்சடைத்து நின்றது. தரவுத்தளத்துக்கு இருபது இணைப்புகள்தான். அழைப்புக்கு ஒன்றாக ஓடும் திரெட்டுகள் ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு எதையும் விடவில்லை. புது அழைப்புகள் வெளியே முட்டி மோதின.

"வேலையில்லாம ஸ்லீப்னு காட்டுற கனெக்‌ஷன் எத்தனை?" என்றாள் மேலாளர் தமயந்தி.

"பதினேழு மேடம்," என்றான் இருதயராஜ்.

"சும்மா தூங்குறதுக்கு எதுக்கு எடம்? கொன்னுடுங்க."

ஒவ்வொரு இணைப்பின் எண்ணையும் அடித்து, கில் என்று தட்டிக் கொன்றான். ஐந்தாவதில் கை வேகம் பிடித்தது. பத்தாவதில் ருசி தட்டியது. பதினேழாவது விழுந்ததும் உறைந்திருந்த திரை ஓடத் தொடங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

அழைப்பு எடுக்கும் பெண் ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "சார், இந்தம்மா அப்பவே கூப்பிட்டவங்க. வண்டி வருதுன்னு நாந்தான் சொன்னேன். இப்ப அந்தப் பதிவே இல்ல."

ஸ்லீப் என்று காட்டியவற்றில் சில தூங்கவில்லை, சேமிக்காத பதிவைக் கையில் ஏந்தி முகவரியைத் தேடும் வரைபடச் சேவையின் பதிலுக்குக் காத்திருந்தன என்பது இருதயராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன சொல்றாங்க?"

அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு தூங்குற மாதிரிதான் கெடக்காரு. எழுப்பலாமா?"